லோடு போட்டா அரை மணி நேரத்துல இழுவை போயிடுது: டேங்கா, ஃபீடு பம்பா, எஃப்ஐபி பம்பா?

#1 வரப்போரம்
எல்லாருக்கும் வணக்கம். 4 சிலிண்டர், 50 எச்பி, டர்போ இல்லாத பழைய டிராக்டர். இன்லைன் எஃப்ஐபி பம்பு (டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பறது), அதோட பக்கவாட்டுல கை பம்பு வச்ச ஃபீடு பம்பு (டேங்குல இருந்து டீசலை இழுத்துக் கொடுக்கறது), ரெண்டு டீசல் ஃபில்டர், டேங்குக்குக் கீழ தண்ணி, கசடு தங்கற ஒரு கண்ணாடிக் கப்பு. காலையில செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆகுது. ரோட்டவேட்டர் போட்டா முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் 1900ல நிக்கிற ஆர்பிஎம் மெதுவா 1700, 1500னு இறங்குது. ரோட்டவேட்டரைத் தூக்கினா ஏறிடுது, இறக்கினா படுத்துக்குது. வண்டியை நிறுத்தி ஒரு பத்து நிமிஷம் விட்டா மறுபடி நல்லா ஓடும். ஆனா அந்த இரண்டாவது ஓட்டம் கால் மணி நேரம் கூட தாங்காது.

ரெண்டு ஃபில்டரும் புதுசு. ஏர் ஃபில்டரும் கழட்டிப் பார்த்தாச்சு, சுத்தம். பார்த்த மெக்கானிக் எஃப்ஐபி பம்பு தேஞ்சிருச்சு, கழட்டி அனுப்பிடலாம்னு சொல்றார். கழட்டறதுக்கு முன்னாடி நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கா?

#2 கிரீஸ் கை
இருக்கு தம்பி, நிறைய இருக்கு. பம்புல இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

இழுவை போற நேரத்துல புகை என்ன நிறம்? ஆர்பிஎம் இறங்குதா, இல்ல ஆர்பிஎம் அப்படியே நிக்க வண்டி மட்டும் நகராம இருக்கா? ரெண்டாவது மாதிரின்னா கிளட்ச் நழுவுது, டீசல் பக்கமே வர வேண்டாம். டேங்கு நிறைஞ்சிருக்கும்போது எவ்வளவு நேரம் தாங்குது, பாதிக்குக் கீழ போனா எவ்வளவு நேரம்? இன்ஜினை நிறுத்தற ஸ்டாப் கேபிளை இழுத்து விட்டா பம்புல இருக்கிற லீவர் முழுசா பழைய இடத்துக்கு வருதா? கேபிள் உள்ள துரு பிடிச்சு பாதியில நின்னுக்கிட்டா, ஓட்டறவருக்குத் தெரியாமலே டீசலைக் கொஞ்சம் அடைச்சுப் பிடிச்ச மாதிரிதான் வண்டி ஓடும்.

#3 வரப்போரம்
அண்ணே, புகையே பெருசா இல்லை. நல்லா இழுக்கும்போது லேசாக் கறுப்பு தெரியும். படுக்கும்போது அதுவும் இல்லாமப் போயிடுது. ஆர்பிஎம் மீட்டர்ல முள்ளு இறங்கறது கண்ணுக்குத் தெரியுது, அதனால கிளட்ச் இல்லை. ஸ்டாப் லீவர் முழுசாத் திரும்புது, கையால தள்ளியும் பார்த்தேன்.

டேங்கு விஷயம் நீங்க கேட்ட பிறகுதான் யோசிச்சேன். நிறைச்சுட்டுப் போனா கொஞ்சம் கூடுதலா ஓடுது. பாதிக்குக் கீழன்னா சீக்கிரமே படுத்துடுது.

#4 பம்பு ரூம்
நான் பம்பு டெஸ்ட் பெஞ்சில் வேலை பார்ப்பவன். நீங்கள் கழட்டிக் கொண்டு வந்தால் எனக்கு வேலைதான். இருந்தாலும் சொல்கிறேன், கொண்டு வராதீர்கள்.

லோடில் கறுப்பாகத் தள்ளிக்கொண்டே இழுவை போனால், டீசல் போகிறது, எரியக் காற்று போதவில்லை, அல்லது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் பொடியாகத் தூவாமல் சொட்டுகிறது என்று அர்த்தம். வெள்ளையாகத் தள்ளினால் எரியாத டீசல்: டைமிங், கம்ப்ரஷன், டீசலில் தண்ணீர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். உங்களுக்கு இருந்த கறுப்பும் மறைகிறது. இன்ஜின் பட்டினி கிடக்கிறது.

தூக்கினால் ஏறிவிடுகிறது, ஐடிலில் நன்றாக நிற்கிறது என்பதை வைத்து டீசல் சரியாகத்தான் வருகிறது என்று நினைக்க வேண்டாம். இந்த அளவு இன்ஜின் சும்மா நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்தான் எரிக்கும். முழு லோடில் 10 லிட்டர் வாக்கில் கேட்கும். முக்கால் பங்கு அடைத்த குழாய்கூட ஐடிலுக்குப் போதும். அதோடு, ஃபீடு பம்பு இன்ஜின் எரிப்பதைவிட அதிகமாகவே இழுத்து, மிச்சத்தை ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் விடுகிறது. அப்படித் தாராளமாக வந்துகொண்டே இருந்தால்தான் பம்புக்குள் டீசல் வந்து நிற்கும் அறையான கேலரியில் அழுத்தம் நிற்கும். பல இன்லைன் பம்புகளில் அது 1 முதல் 1.5 பார் வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள். அந்த அழுத்தம் விழுந்தால் பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) மேலே ஏறும் முன் பாரல் (அந்தத் தண்டு ஏறி இறங்கும் உருளை) முழுசாக நிரம்பாது. பம்பு இன்றைக்கு வாங்கியதாக இருந்தாலும் இழுவை போகத்தான் செய்யும்.

#5 செம்மண்
எல்லாம் சரி, ஆனா சூடானதும் இழுவை போறது பம்பு தேய்மானத்தோட அடையாளம்தானே? டீசல் சூடேறி இளகினா தேஞ்ச பிளஞ்சர் ஓரமா கசிஞ்சு இறங்கிடும். என் வண்டியிலயும் இதே கதைதான். பம்புக்கு எலிமென்ட் (பிளஞ்சர், பாரல் ஜோடி) மாத்தின பிறகுதான் சரியாச்சு. டேங்கு, டியூப்னு நாளைக் கடத்தறதுக்கு நேரா பம்பைக் கழட்டிடலாம்.

#6 கிரீஸ் கை
செம்மண் அண்ணே, பிளஞ்சருக்கும் பாரலுக்கும் நடுவுல 2, 3 மைக்ரான்தான் இடைவெளி. அது கூடினா சூட்டுல கசியும்ங்கிறது நூத்துக்கு நூறு சரி. ஆனா சூட்டால வர்ற கோளாறு பத்து நிமிஷத்துல ஆறாது. இதைத்தான் எல்லாரும் கவனிக்க மறந்துடறாங்க. வண்டியை நிறுத்தினதும் ஃபேன் நிக்குது, தண்ணி சுத்தறது நிக்குது, டீசல் ஓட்டமும் நிக்குது. பிளாக்ல இருக்கிற சூடு மெதுவா பம்புக்குத்தான் ஏறும். நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க, பம்பு முன்னைவிடச் சூடாத்தான் இருக்கும். பம்பு தேஞ்சதால படுத்ததுன்னா அந்த நேரத்துல இன்னும் மோசமாகணும். தம்பியோட வண்டி நல்லாயிடுதே?

இன்னொண்ணு, தேஞ்ச பம்பு சூட்டுல ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும். செல்ஃப் சுத்தற வேகத்துல அந்தக் கசிவைத் தாண்டி பிரஷர் ஏறாது. ரோட்டரி பம்பு வண்டின்னா இது இன்னும் அப்பட்டமாத் தெரியும். காலையில ஒரே தொடல்ல எடுக்கும், மத்தியானம் நிறுத்திட்டு எடுத்தா செல்ஃப் அடிச்சே பேட்டரி போயிடும்.

#7 செம்மண்
என் வண்டி சூட்டுல ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணினது உண்மைதான். வரப்போரம், உங்க வண்டி எப்படி?

#8 வரப்போரம்
சூட்டுல தொட்டதும் எடுத்துடுது. படுத்து நிறுத்தின உடனேகூட எடுக்குது, லோடுதான் தாங்காது.

#9 நாலு சிலிண்டர்
டேங்கு மூடி! மூடியில இருக்கிற காத்துத் துளை மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடைச்சிருக்கும். டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி ஃபீடு பம்போட இழுபறி நடக்கும். படுக்கற நேரத்துல மூடியைத் திறந்து பாருங்க, புஸ்ஸுனு காத்து உள்ள போகும். திறந்ததும் இழுவை வந்துட்டா வேலை முடிஞ்சுது. நிறுத்தினா மெதுவாக் காத்து புகுந்து சரியாகறதும் இதுக்கு ஒத்து வருது.

#10 வரப்போரம்
ரெண்டு விதமாவும் பார்த்தேன். படுக்கும்போது திறந்தேன், சத்தம் எதுவும் இல்லை, மாற்றமும் இல்லை. அடுத்து மூடியைச் சும்மா மேல வச்சுட்டு, தூசி போகாம ஒரு துணியைச் சுத்திட்டு ஓட்டினேன். அதே நேரத்துல அதே மாதிரி படுத்துச்சு.

#11 ஏர்கலப்பை
அப்ப ஏர் பிடிக்குது. டேங்குல இருந்து ஃபீடு பம்பு வரைக்கும் இழுக்கிற பக்கம். அங்க ஒரு நட்டு லூசா இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். வெளிய ஈரமே இல்லையே, கசிவு இல்லைன்னு நிறைய பேர் அங்கதான் ஏமாறுவாங்க. பாஞ்சோ போல்ட்டுல (டீசல் போக உள்ளே துளை உள்ள, குழாயை மாட்டற போல்ட்டு) பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருந்தா மாத்துங்க. ஃபில்டர் மாத்தும்போது பழைய ரப்பர் ரிங் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கிட்டு, அது மேலயே புது ரிங் உக்கார்ந்துடறதும் உண்டு, அதையும் பாருங்க.

கப்புக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவுல கண்ணாடி மாதிரித் தெரியற டீசல் டியூப் ஒரு சாண் போட்டு ஓட்டுங்க. குமிழி வந்தா கண்ணாலயே பார்த்துக்கலாம்.

#12 வரப்போரம்
போட்டேன். வாஷர் எல்லாம் புதுசு மாத்திட்டுதான் போட்டேன். ஃபில்டர்ல ஒரே ரிங்தான் இருந்துச்சு.

முதல் அரை மணி நேரம் டியூப்ல டீசல் ஓடுதா நிக்குதான்னே தெரியலை, அவ்வளவு தெளிவு. இழுவை இறங்க ஆரம்பிச்ச பிறகு கடுகு அளவுல குமிழி வரிசையா வருது. நல்லாப் படுத்த பிறகு குமிழி பெருசாகுது. டியூபும் லேசா உள்வாங்கின மாதிரி தெரிஞ்சுது. நிறுத்தினதும் டியூப் பழைய வடிவத்துக்கு வந்துடுச்சு.

#13 ஏர்கலப்பை
அவ்வளவுதான், ஏர்! எல்லா ஜாயின்ட்டையும் இறுக்குங்க.

#14 பம்பு ரூம்
கொஞ்சம் பொறுங்கள். ஜாயின்ட் லூசு என்றால் குமிழி காலையில் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்றதில் டீசல் டேங்குக்கு இறங்கி, காலையில் செல்ஃப் அடிக்க அடிக்கத்தான் எடுத்திருக்கும். ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடும். இவர் சொல்வதில் இந்த மூன்றும் இல்லை. குமிழி வருவதற்கு முன்பே இழுவை இறங்கத் தொடங்கிவிட்டது.

டியூப் உள்வாங்கியது என்று எழுதியிருக்கிறாரே, முக்கியமான தடயம் அதுதான். முன்னால் எங்கோ அடைப்பு. ஃபீடு பம்பு மூச்சுப் பிடித்து இழுக்கிறது. இழுவிசை கூடும்போது டீசலில் கரைந்திருக்கும் காற்றே குமிழியாகப் பிரியும். சாதாரண நேரத்தில் காற்று விடாத ஜாயின்ட்டும் அப்போது விட ஆரம்பிக்கும். குமிழி அடைப்பின் விளைவு. ஜாயின்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் போகாது. பாஞ்சோ போல்ட் உடைவதுதான் மிச்சம்.

இனி யூகம் வேண்டாம், கேன் வைத்துப் பார்த்துவிடலாம். சுத்தமான 10 லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஃபீடு பம்பைவிட உயரமாக மட்கார்டு பக்கம் அசையாமல் கட்டுங்கள். சைலன்சர், ஃபேன் இரண்டிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். கேன் மூடியில் காற்றுக்கு வழி விடுங்கள். புது டியூப் ஒன்றை ஃபீடு பம்பின் இழுக்கும் வாயில் நேராக மாட்டுங்கள். டேங்கு, அதன் அடியில் டீசலைத் திறந்து மூடும் காக், கப்பு, பழைய டியூப் எதுவும் இந்த வழியில் வரக்கூடாது. ரிட்டர்ன் டியூபையும் கழட்டி இதே கேனில் விட வேண்டும். மறந்தால் கேனில் இருப்பதெல்லாம் ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய்விடும், டீசல் தீர்ந்து வண்டி நின்றதும் டெஸ்ட் தோற்றது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஏர் எடுத்துவிட்டு (டீசல் வழியில் மாட்டிய காற்றை வெளியேற்றிவிட்டு), வழக்கமாகப் படுக்கும் அதே லோடில் ஓட்டுங்கள்.

#15 வரப்போரம்
ஐயா, ரோட்டவேட்டர் போட்டு விடாம ஓட்டினேன். வழக்கமாப் படுக்கற நேரம் தாண்டி, அதுக்கு மேலயும் ஓட்டிட்டேன். முள்ளு 1900ல இருந்து அசையலை. லேசான கறுப்புப் புகையும் திரும்ப வந்துடுச்சு. கேன்ல டீசல் குறைஞ்சதாலதான் நிறுத்தினேன்.

#16 செம்மண்
சரி, பம்பு தப்பிச்சுது.

#17 நாலு சிலிண்டர்
இனி என்ன, கம்ப்ரசர் காத்தை டியூப் வழியா டேங்குக்கு ஊதி விட்டுடுங்க. அடைப்பு இருந்தா பறந்துடும். மூடியைத் திறந்து வச்சுட்டு ஊதணும், இல்லன்னா டேங்கு வீங்கிடும்.

#18 கிரீஸ் கை
ஊதக் கூடாது. ஊதினா வண்டி சரியாயிடும்தான். டேங்குக்குள்ள கிடக்கிறது ஓரமா ஒதுங்கும், நாலு நாள் நல்லா ஓடும், அப்புறம் ஒரு நாள் பாதி வேலையில திரும்பப் படுக்கும். அடைச்சது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பிடிபடற நிலைமையில இருக்கிற கோளாறைக் கலைச்சு விடாதீங்க.

இப்ப மிச்சம் இருக்கிறது டேங்கு, காக், கப்பு, பழைய ரப்பர் டியூப். பழைய டியூப்ல ஒரு வில்லங்கம் உண்டு. வெளிய பளபளன்னு இருக்கும், உள்தோல் பிரிஞ்சு தொங்கும். இழுக்கும்போது அது வால்வு மாதிரி மடங்கி அடைச்சுக்கும், நிறுத்தினா விட்டுடும். சூட்டுல மெதுவாகிற டியூபும் இதே மாதிரி சப்பையாகும். பயோடீசல் கலந்த டீசல் போட ஆரம்பிச்ச பழைய வண்டிகள்ல ரப்பர் இப்படிக் கெட்டுப் போறது சகஜம். அதனால பழைய டியூபையும் கப்பையும் இப்ப கேனோட மாட்டி ஓட்டுங்க. படுத்தா டியூப் இல்ல கப்பு. படுக்கலைன்னா டேங்குக்குள்ளதான்.

#19 வரப்போரம்
படுக்கலை அண்ணே. பழைய டியூப், கப்பு ரெண்டையும் கேனோட மாட்டி ஓட்டினேன், முழு இழுவை.

#20 கிரீஸ் கை
டேங்குக்கு வந்துட்டோம். காக்குக்குக் கீழ இருக்கிற டியூபைக் கழட்டிட்டு, அடியில ஒரு வெள்ளை வாளி வச்சு, காக்கை முழுசாத் திறந்து விடுங்க. பக்கத்துலயே நின்னு தாரையைப் பாருங்க. திறந்ததும் எப்படி வருதுங்கிறதை விட, கொஞ்ச நேரம் கழிச்சு எப்படி வருதுங்கிறதுதான் முக்கியம். பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பத்த வைக்க வேண்டாம்.

#21 வரப்போரம்
கிடைச்சிருச்சு!

திறந்ததும் சுண்டுவிரல் கனத்துக்குத் தாரை கொட்டுச்சு. வாளி கால்வாசி கூட நிறையலை, தாரை அப்படியே மெலிஞ்சு கடைசியில சொட்டுச் சொட்டா ஆயிடுச்சு. காக்கை மூடி, டேங்கை ஒரு ஆட்டு ஆட்டிட்டுத் திறந்தா மறுபடி சுண்டுவிரல் கனம். திரும்ப மெலியுது.

டீசலை எல்லாம் வடிச்சு டேங்கை இறக்கி, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முதல்ல ஒண்ணும் தெரியலை. அடியில கறுப்பா வழவழன்னு கசடு, அவ்வளவுதான்னு நினைச்சேன். கம்பியை வளைச்சுத் துழாவினப்ப ஏதோ மாட்டுச்சு. இழுத்தா பாலித்தீன் கவர் துண்டு, உள்ளங்கையில பாதி இருக்கும். நடுவுல காக் குழாய் வாய் பட்ட இடம் வட்டமாக் குழிஞ்சு, அந்த வட்டத்துக்குள்ள மட்டும் கறுப்புக் கசடு ஒட்டியிருந்துச்சு. டீசல்ல நனைஞ்சா அது கண்ணுக்கே தெரியலை. வாளியில போட்டுப் பார்த்தேன், எங்க போச்சுன்னு தேட வேண்டியதாயிடுச்சு.

டீசல் கேன் மூடி கசியாம இருக்க அடியில கவர் வச்சு இறுக்குவாங்க இல்லையா, அந்தத் துண்டுதான்.

#22 நாலு சிலிண்டர்
பாலித்தீன் மிதக்கும்ல? மேல மிதக்கிறது எப்படி அடியில இருக்கிற வாயை அடைக்கும்?

#23 பம்பு ரூம்
தண்ணீரில் மிதக்கும், டீசலில் மூழ்கும். பாலித்தீனின் அடர்த்தி 0.92 வாக்கில், டீசலுடையது 0.82 முதல் 0.85 வரை. வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் விழுந்தடித்து இறங்காது. வண்டி குலுங்கும்போது நடு டீசலில் அலைந்துகொண்டே இருக்கும். ஓட்டம் அதிகமாக இருக்கும்போது காக் வாய்ப் பக்கம் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு ஃபீடு பம்பின் இழுவிசையே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தினால் இழுவிசை போய்விடும், துண்டு மெதுவாக விலகும். பத்து நிமிடக் கணக்கு அதுதான். டேங்கு நிறைந்திருந்தால் அலைய இடம் அதிகம், ஒட்ட நேரம் ஆகும். பாதிக்குக் கீழே சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது.

அந்தக் கறுப்பு வழவழப்பைச் சும்மா விடக்கூடாது. டேங்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்துதான் இந்தப் பிசின் உண்டாகும். டேங்கை டீசலாலேயே அலசுங்கள். தண்ணீர் விட்டு அலசினால் மடிப்புகளில் தங்கிவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஆவி தங்கித் தீப்பிடிக்கும். பிறகு ஃபீடு பம்பின் உள்வாய் பாஞ்சோவைக் கழட்டிப் பாருங்கள். பல மாடல்களில் அதற்குள் விரல் நுனி அளவு கம்பி வலை ஒன்று இருக்கும். இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

#24 வரப்போரம்
வலை இருந்துச்சு ஐயா! பாதி அடைச்சிருந்துச்சு. பழைய பிரஷ்ஷால டீசல் விட்டுத் தேய்ச்சுட்டேன். கப்புலயும் அடியில ஒரு சொட்டுத் தண்ணி உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

டேங்கை ஏத்தியாச்சு. இப்ப ஏர் எடுக்க முடியலை. கை பம்பை அமுக்கினா லீவர் லொடலொடன்னு ஆடுது, டீசல் வரவே மாட்டேங்குது. ஃபீடு பம்பு போயிடுச்சா?

#25 கிரீஸ் கை
போகலை. ஃபீடு பம்பை இயக்கற கேம் (சுத்தற தண்டுல இருக்கிற மேடு) அந்த நேரத்துல அதைத் தள்ளிப் பிடிச்சிருக்கும், கை பம்புக்கு ஓட்டமே இருக்காது. நியூட்ரல்ல வச்சு, ஸ்டாப்பை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு செல்ஃபை ஒரு தொடு தொட்டு இன்ஜினைக் கொஞ்சம் நகர்த்திட்டு அமுக்கிப் பாருங்க. கனமாகும். குமிழ் மாதிரி திருகிக் கழட்டி மேல கீழ அடிக்கிற கை பம்புன்னா இந்தத் தொல்லை குறைவு.

முதல் ஃபில்டர் தலையில இருக்கிற ஏர் ஸ்குரூ, அடுத்து ரெண்டாவது ஃபில்டர், அடுத்து எஃப்ஐபி பம்பு. ஒவ்வொண்ணுலயும் நுரை நின்னு சுத்த டீசல் வந்த பிறகு, அமுக்கிக்கிட்டே மூடுங்க. அதுக்கப்புறமும் எடுக்கலைன்னா நாசில் நட்டு ரெண்டை ஒரு சுத்து தளர்த்திட்டு செல்ஃப் அடிக்கலாம். கடைசியா கை பம்பைத் திரும்ப இறுக்கி வைக்க மறந்துடாதீங்க, அது வழியாவே காத்து இழுக்கும்.

#26 ஏர்கலப்பை
இதுல நானும் ஒண்ணு சேர்த்துக்கறேன். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாம இழுவை குறைஞ்சிருந்தா, ஐடில்ல வச்சு ஒவ்வொரு நாசில் நட்டா தளர்த்திப் பாருங்க. தளர்த்தினதும் இன்ஜின் சத்தம் மாறினா அந்த சிலிண்டர் நல்லா இருக்கு. மாறலைன்னா அங்கதான் கோளாறு. எந்த வண்டிக்கும் செய்யலாம்.

#27 பம்பு ரூம்
எந்த வண்டிக்கும் செய்யக் கூடாது. பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் உள்ள) வண்டியில் ஓடும் இன்ஜினில் அந்த நட்டில் ஸ்பேனரே வைக்கக் கூடாது. அங்கே 1000 பாரைத் தாண்டக்கூடிய அழுத்தம் நிற்கிறது. அவற்றில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியிலும் கையில் தடித்த துணியோடு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். பழைய நாசிலே சுமார் 200 பாரில்தான் திறக்கிறது. அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படி நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி, தோலுக்குள் டீசல் போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை செய்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

#28 புது டிரைவர்
அண்ணன்மாரே, குறுக்க ஒரு கேள்வி. என்னோடது டர்போ வண்டி, மெக்கானிக்கல் பம்பு. புகையே இல்லாம இழுவை கம்மி. ஆனா இவர் மாதிரி நேரம் ஆன பிறகு இல்லை, ஸ்டார்ட் பண்ணினதுல இருந்தே அப்படித்தான். ஃபில்டர் மாத்தியாச்சு, கேன் வச்சும் பார்த்தாச்சு, மாறலை.

#29 பம்பு ரூம்
இன்லெட் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் மேல் மூடிக்கு ஒரு மெல்லிய காற்றுக் குழாய் போகிறதா? டர்போ அழுத்தம் அது வழியாக டயாஃப்ரத்தைத் தள்ளினால்தான் பம்பு முழு டீசலையும் விடும். அந்தக் குழாய் விரிசல் விட்டிருந்தாலோ, டயாஃப்ரம் கிழிந்திருந்தாலோ, டர்போவே இல்லாத வண்டிபோல அளந்து அளந்துதான் கொடுக்கும். புகை வராது. முதலில் அந்தக் குழாயை மாற்றுங்கள், கிழிந்த டயாஃப்ரம் என்றால் மட்டும் பம்பு ரூமுக்கு வாருங்கள்.

#30 வரப்போரம்
ஏர் எடுத்தாச்சு, ஓட்டியாச்சு. இன்னைக்கு முழுக்க ரோட்டவேட்டர்தான், ஒரு இடத்துலயும் படுக்கலை. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

இதுக்கு நடுவுல ஒண்ணு கவனிச்சேன். லோடு இல்லாம ஆக்சிலரேட்டரை முழுசாக் கொடுத்தா 2150 தான் வருது. கையேட்டுல 2350 னு போட்டிருக்கு. பம்புல உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தற மேக்சிமம் ஸ்குரூவைக் கொஞ்சம் திருகிவிடலாமா?

#31 கிரீஸ் கை
அந்த ஸ்குரூவைத் தொட்டா உங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சீல் வச்சிருக்கிறது காரணமாத்தான். ஆக்சிலரேட்டரை முழுசா வச்சுட்டு, பம்பு லீவர் அந்த ஸ்குரூவைப் போய்த் தொடுதான்னு பாருங்க. தொட்டும் 2150 தான்னா அப்ப பேசலாம். தொடலைன்னா கோளாறு ஆக்சிலரேட்டரையும் பம்பு லீவரையும் சேர்க்கிற லிங்கேஜ்ல.

#32 வரப்போரம்
தொடலை அண்ணே. அரை விரல் இடைவெளி இருந்துச்சு. லிங்க் ராடோட பின் தேஞ்சு ஓட்டை முட்டை வடிவமாயிருந்துச்சு. புது பின் போட்டு, ராடை ஒரு சுத்து ஏத்தி வச்சேன். இப்ப லீவர் ஸ்குரூவைத் தொடுது, முள்ளு 2350க்குப் பக்கத்துல நிக்குது.

ஃபில்டர் ரெண்டும் புதுசுதானே, அப்படியே விட்டுடலாமா?

#33 பம்பு ரூம்
முதல் ஃபில்டரை மட்டும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். டேங்கை அலசும்போது சுவரில் ஒட்டியிருக்கும் கசடு எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது, அடுத்த சில டேங்கு டீசலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். இரண்டாவது ஃபில்டரை இப்போது தொட வேண்டாம். காலையில் வண்டி எடுக்கும் முன், டீசல் தெளிந்திருக்கும் நேரத்தில், கப்பிலும் முதல் ஃபில்டரின் அடி ஸ்குரூவிலும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.